அமாவாசை வேகம்

நாங்கள் ஆராயும் விண்மீன் கொத்தில் எல்லாம் ஒரே வேகத்தில் போகின்றன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைத்தான் நான் கட்டிக்கொண்டு அழுகிறேன். அது கண்ணுக்குப் பிடிபடாத ஒரு துணையோடு சுற்றும் இரட்டை விண்மீன், அதனால்தான் வேகம் பிசகுகிறது என்பது என் பிடிவாதம். இரட்டை என்றால் வேகம் ஏறி இறங்க வேண்டும். வெளிநாட்டுத் தொலைநோக்கி மூன்று மாதமாக, மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டது. மூன்று முறையும் அதே வேகம்.

மூன்றாவது முடிவு ஒருநாள் காலை வந்தது. என்னோடு சேர்ந்து ஆய்வு செய்யும் றிக்சன் கொழும்பிலிருந்து உடனே தொலைபேசி எடுத்தான். அது கொத்தைச் சேர்ந்ததே இல்லை, குறுக்கே போகும் யாரோ வழிப்போக்கன், கட்டுரையிலிருந்து தூக்கிவிட்டுப் பின்னேரமே அனுப்பிவிடுகிறேன் என்றான். அதைத் தூக்கினால் கட்டுரையில் என் பங்கென்று எதுவும் மிஞ்சாது. உள்துறைமுக வீதியில் போய் நடந்தேன். கப்பலைப் பார்த்தாலும் எரிச்சல், காகத்தைப் பார்த்தாலும் எரிச்சல். வீட்டுக்கு வந்தும் கதிரையில் இருக்க முடியவில்லை.

மத்தியானம் அம்மா வாழையிலையில் சோறு போட்டார். பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல். திருகோணமலையில் இருந்துகொண்டு ஒரு மீன் துண்டு இல்லை. எனக்குப் பொங்கிவிட்டது.

“ஒவ்வொருமுறை முடிவு வரேக்கையும் இந்த வீட்டில மரக்கறிதான். ஏன் அம்மா?”

“செத்துப்போன என்ர அப்பாவுக்கு நான் பிடிக்கிற விரதமெல்லோ. அமாவாசைக்கு ஆர் மீன் காய்ச்சுறது?”

பிசைந்த கை அப்படியே நின்றது. மங்கல் விண்மீன் என்று, நிலவில்லாத இரவுகளாகத் தேடித்தேடித் தொலைநோக்கியில் நேரம் கேட்டது நான்தான். இரட்டை ஒரு சுற்றுக்கு ஒரு மாதம் எடுத்தால், நான் பார்க்கும்போதெல்லாம் அது அதே இடத்தில்தானே வந்து நிற்கும்!

இடக்கையால் றிக்சனை அழைத்தேன்.

“அனுப்பாதை. அரைநிலவில ஒருக்காப் பாப்பம்.”

நிலவு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது என்றான். தெரிந்தவரை போதும் என்றேன். கடைசியில், இதோடு விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையில் ஒப்புக்கொண்டான்.

அரைநிலவு வரும்வரை அந்தக் கிழமை முழுக்க நாட்காட்டியைப் பார்த்தபடி திரிந்தேன். முடிவு வந்தபோது அம்மா குசினியில் சூடை மீன் பொரித்துக்கொண்டிருந்தார். வேகம் மாறியிருந்தது. மாறி, கொத்தின் வேகத்துக்கே வந்திருந்தது.

“இரட்டைதான்,” என்றான் றிக்சன் தொலைபேசியில்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா கரண்டியோடு ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டார்.

“வழிப்போக்கன் இல்லையம்மா,” என்றேன். “எங்கட ஆள்தான்.”