ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்

இரட்டைப் பொருள் என்றாலே டீனாவுக்கு எரிச்சல். உயிரணுவுக்குள் புரதங்கள் இடம் மாறுவதைச் சொல்லும் கலைச்சொற்களை, ஆர்.எஸ்.புரத்து மாடி அறையில் அவளும் வின்ஸ்டனும் வரையறுத்துக்கொண்டிருந்தார்கள். உட்கருவை விட்டுப் புரதம் போனால் ‘வெளியேற்றம்’. திரும்பி வந்தால் ‘மீள்வரவு’. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்பது அவள் போட்ட சட்டம்.

அன்று சாயங்காலம் சோமனூர் வீட்டுக்குக் கிளம்பிய வின்ஸ்டன், வழக்கம்போல “வாரேனுங்க அம்மணி” என்றார்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “போறப்ப எதுக்குங்கண்ணா வாரேங்கறீங்க? வாரேன்னா வர்றது மட்டுந்தானுங்க. போறதுன்னா போறேன்னே சொல்லுங்க.”

அவர் சிரித்தார். வாசல் தாண்டும்போது யாரும் சொல்லத் துணியாத அந்தச் சொல்லை, அவளுக்காகச் சொல்லிவிட்டார். “சரிங்க, போறேனுங்க.”

வழியில் லாரி மோதியது. வீடு போய்ச் சேரவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம், பட்டப்பகலில், டீனா தனியாக உட்கார்ந்து மீள்வரவுக்கு விளக்கம் எழுதினாள்: ‘வெளியே போன புரதம், தன் அடையாளத்தைக் காட்டி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருதல்.’

முற்றுப்புள்ளி வைத்ததும் கீழே கேட் கிறீச்சிட்டது. படியடியில் செருப்புச் சத்தம் கேட்டது.

“ஏனுங்க அம்மணி,” என்றது பழகிய குரல். “வாரேனுங்க.”

விடைபெறத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நம்பப் பார்த்தாள். முடியவில்லை. அந்தச் சொல்லிலிருந்து அந்தப் பொருளை வெட்டியெறிந்தவளே அவள்தான்.

செருப்புச் சத்தம் படியேறத் தொடங்கியது.