சுண்ணாம்புக் கட்டத்தில் பன்னிரண்டு பேர்

எங்கள் கால்பந்து கிளப் மைதானத்தின் ஓரத்தில், மேனேஜர் நிற்பதற்கென்று சுண்ணாம்புக் கோடு போட்ட ஒரு கட்டம் இருக்கிறது. இன்றைய தேதிக்கு அதற்குள் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். அதில் பதினொரு பேர் வேலையிலிருந்து தூக்கப்பட்டவர்கள். வேலையில் இருக்கும்வரை கோடு யாரையும் தடுக்காது. சாயங்காலம் ஆனால் வீட்டுக்குப் போய்விடலாம். நீக்கல் கடிதம் கைக்கு வந்ததும் முடியாது, அவ்வளவுதான். வெளியே வைக்கிற கால் திரும்ப உள்ளேயே வந்து விழும். டாக்டர் ஒருவர் வந்து எல்லோருடைய முட்டியையும் தட்டிப் பார்த்துவிட்டு, கால்களில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் கூரை, உட்கார ஒரு பெஞ்ச், மாதம் ஒரு தடவை முடிவெட்டுகிறவர் வருவார். கிளப் தொடங்கியதிலிருந்து உள்ளே போன மேனேஜர்கள் மொத்தம் பதிமூன்று. வெளியே வந்தது ஒரே ஒருவர்.

அவரை எல்லோரும் ஆஃப்சைடு என்றுதான் சொல்வார்கள். பதினான்கு வருஷம் வலது ஓரத்தில் ஓடினார். வேகத்தில் குறை சொல்ல வழியில்லை. என்ன, பந்து வருவதற்கு முன்பே போய் நின்றுகொள்வார். எதிராளியின் கோலுக்குப் பக்கத்தில் தன்னந்தனியாக நின்று, "இங்க குடு, இங்க குடு" என்று தொண்டை கிழியக் கத்துவார். கொடுத்தால், ஆஃப்சைடு என்று ஓரத்தில் ஓடுகிற லைன்ஸ்மேனின் கொடி மேலே போகும். முந்நூற்றுப் பன்னிரண்டு முறை அவருக்குக் கொடி தூக்கப்பட்டது. அதில் பாதிக்கு மேல் ஒரே லைன்ஸ்மேன் தூக்கியது. அந்த மனிதருக்குத் தோள்பட்டை வலி வந்ததே இவரால்தான் என்று பேச்சு. ஒவ்வொரு முறையும் ஆஃப்சைடு இரண்டு கையையும் விரித்து வானத்தைப் பார்ப்பார். தப்பு லைன்ஸ்மேனுடையது, இல்லையென்றால் பாஸ் கொடுத்தவனுடையது, இரண்டு பேரும் இல்லையென்றால் காற்றுடையது. முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட அவருடையது இல்லை. இவ்வளவு தகுதியுள்ள ஆளை மேனேஜர் ஆக்காமல் விடுவார்களா?

கிளப் தலைவர் குளியலறை டைல்ஸ் வியாபாரி. ஆஃப்சைடின் தோளில் கை போட்டு, "இனிமே கிளப் உங்க கையில" என்று படம் எடுத்துக்கொண்டார். அப்போது கட்டத்துக்குள் ஏற்கெனவே ஐந்து பேர் இருந்தார்கள். புது ஆளுக்கு இடம்விட்டு நகர்ந்து நின்றார்கள். முதல் மேனேஜர், அங்கே எல்லோருக்கும் மூத்தவர், அன்பாகச் சொன்னார்: "இப்படி நில்லுங்க சார். மூணு மணிக்கு மேல வெயில் அந்தப் பக்கம் போயிடும்." ஆஃப்சைடு சிரித்துக்கொண்டார். ஐந்து பேரும் திறமை போதாமல் மாட்டிக்கொண்டவர்கள் என்று வீட்டில் போய் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர்.

இரண்டாவது சீசனின் கடைசி ஆட்டம். தோற்றால் கிளப் கீழ்ப் பிரிவுக்குப் போய்விடும். சமநிலையில் முடிந்து பெனால்டிக்கு வந்து, கடைசி உதையும் வந்துவிட்டது. எங்கள் கோல்கீப்பருக்குக் கதவு என்று பேர். அவனைத் தாண்டி ஒன்றும் உள்ளே போகாது. அவன் நின்ற கோலுக்கு ஒரு பக்கம் ரோடு, மறு பக்கம் தண்ணீர்த்தொட்டி. உதைக்க வந்தவன் எப்போதும் ரோட்டுப் பக்கம்தான் அடிப்பான் என்பது அவனுக்குத் தெரியும். மூன்று வருஷமாக அந்த ஆளின் ஆட்டத்தைப் பார்த்து வைத்திருந்தான். ஆனால் ஆஃப்சைடு கட்டத்திலிருந்து இரண்டு கையையும் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் வீசி வீசி, "அங்க பாய், அங்க பாய்" என்று கத்தினார். கதவு சொன்ன பேச்சைக் கேட்கிறவன். தொட்டிப் பக்கம் பாய்ந்தான். பந்து ரோட்டுப் பக்கம், யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல உருண்டு உள்ளே போனது. நிருபர்களிடம் ஆஃப்சைடு நிதானமாகச் சொன்னார்: "நான் ரோட்டுப் பக்கம்னு தெளிவா சொன்னேன். கோல்கீப்பர் என் பேச்சைக் கேக்கல." மறுநாள் காலையில் கதவை வேலையிலிருந்து எடுத்தார்கள். அவன் கையுறையை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். சாயங்காலம் பயிற்சி முடிகிற நேரத்தில், கட்டத்தில் நின்றிருந்த ஆஃப்சைடுக்கும் கடிதம் வந்தது. படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகக் காலைத் தூக்கினார்.

அப்புறம் நான்கு வருஷம். கண்ணாடிக் கடையில் ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை இடைவேளை. சரியாக ஒன்றே காலுக்கு அந்த அம்மா டிபன் கேரியரோடு வந்து கோட்டுக்கு மேலாக நீட்டுவார், அவர் சாப்பிட்டு முடித்ததும் வாங்கிக்கொண்டு போவார். இதற்கிடையில் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். கட்டத்துக்குள் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. மூத்தவர் தோற்றது மழையால். இரண்டாமவர் புல்லால். மூன்றாமவருக்கு ரெஃபரியின் மச்சானோடு ஏதோ தகராறு. எட்டாமவர், அடேயப்பா, பந்தில் காற்று சரியில்லை என்று நிரூபிக்க ஒரு ஃபைலே வைத்திருந்தார். பத்தடிக் கட்டத்துக்குள் இத்தனை நிரபராதிகளை வேறெங்கும் பார்க்க முடியாது. ஒரு வருஷம் மூன்று நாள் விடாமல் மழை பெய்து கோடு அடையாளமே இல்லாமல் கரைந்துபோனது. எல்லோரும் ஆசையாகக் காலை வெளியே வைத்தார்கள். எல்லாக் கால்களும் திரும்பி வந்தன. சுண்ணாம்பில் ஏதோ கலந்திருக்கிறது என்று கோடு போடுகிறவர் மேல் பாய்ந்தார்கள். "கோடே இல்லாத இடத்துல என் சுண்ணாம்பு என்ன சார் பண்ணும்?" என்று கேட்டுவிட்டு அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பத்தாவது மேனேஜர் பொறுப்பில் இருந்தபோது கண்ணாடிக் கடைக்காரர் வேறு ஊரில் புதுக் கடை திறந்தார். அதைப் பார்த்துக்கொள்ள இந்த அம்மாவைத்தான் போகச் சொன்னார். பஸ்ஸில் ஆறு மணி நேரம்.

"ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி பஸ்" என்றார் அந்த அம்மா, கேரியரை நீட்டிக்கொண்டே.

"அப்ப நான்?"

"வந்தா ரெண்டு டிக்கெட். வரலைன்னா ஒண்ணு."

ஆஃப்சைடு ஆடிப்போய்விட்டார். மனைவி வராத ஒன்றே கால் மணியை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இது சாப்பாட்டு விஷயம் இல்லை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக நடந்து பார்த்தார். இடுப்பில் கயிறு கட்டி நான்கு ஆட்டக்காரர்களை இழுக்கச் சொன்னார். கயிறு மட்டும் வெளியே போனது. தலைவருக்கு மனு எழுதினார். கட்டத்தை நீக்கப் பொதுக்குழு கூட வேண்டும், கூடுவதற்குப் போதுமான பேர் வருவதில்லை என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நான்கு மணிக்கு அந்த அம்மா ஒரு கையில் பெட்டியும் மறு கையில் கேரியருமாக வந்தார். ஆஃப்சைடு நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்குத் தொட்டிப் பக்கம் பாயச் சொன்னது யாரு?"

"அவன் என் பேச்சைக் கேக்கலைன்னுதான்..."

"நான் கேட்டது அது இல்ல. நாள் பூரா ஊரார் கண்ணைப் பார்க்கறவ நான், எனக்கும் கண்ணு இருக்கு. அன்னைக்கு மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். உங்க கை எந்தப் பக்கம் வீசுச்சுன்னு பார்த்தேன்."

ஆஃப்சைடு பழக்கப்படி வானத்தைப் பார்த்தார். அங்கே மேகம் இல்லை, காற்றும் இல்லை, பழி போட ஒரு காக்காய்கூட இல்லை.

"நான்தான்" என்றார். "நான்தான் சொன்னேன். அவனுக்குச் சரியாத் தெரிஞ்சிருந்துச்சு. நான்தான் கெடுத்தேன். அப்புறம் பழியையும் அவன் மேல போட்டேன்."

அழுதுகொண்டே கேரியரை மூடி நீட்டினார். அந்த அம்மா பெட்டியை எடுப்பதற்காக இரண்டு எட்டு தள்ளிப் போயிருந்தார். அதனால் இவரும் இரண்டு எட்டு நடந்து போய்க் கொடுத்தார். கேரியர் கை மாறிய பிறகுதான் இரண்டு பேரும் கீழே பார்த்தார்கள். கோடு அவருக்குப் பின்னால் இருந்தது.

அந்த ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் அதே பழைய லைன்ஸ்மேன். ஆஃப்சைடு கோடு தாண்டுவதை ஓரக்கண்ணால் பார்த்ததும், பாவம், கை தன்னால் மேலே போய்விட்டது. முந்நூற்றுப் பதின்மூன்று. அதே நொடியில் எங்கள் ஆள் ஒருவன், பத்து ஆட்டமாக எங்கள் கிளப் கண்ணால் பார்க்காத கோல் ஒன்றைப் போட்டான். ரெஃபரி கொடியைப் பார்த்தார், கோல் செல்லாது என்றார். அந்த ஒரு கோலில் தோற்றோம். பத்தாவது மேனேஜர் நிருபர்களிடம் வாய் கிழிய லைன்ஸ்மேனைத் திட்டினார், சாயங்காலமே கடிதம் வாங்கினார், கட்டத்திலேயே நின்றுவிட்டார். ஆஃப்சைடு வெளியேறியதற்குக் காரணம் அவருடைய செருப்பு என்று மூத்தவர் கண்டுபிடித்தார். எல்லோரும் வீட்டுக்கு ஆள் அனுப்பி அதே மாதிரிச் செருப்பு வரவழைத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் இடம் போதவில்லை என்று கிளப் கட்டத்தை நான்கு அடி நீட்டியது. அதற்கு மட்டும் பொதுக்குழு கூடியது.

ஐந்து மணி பஸ்ஸின் படியில் கண்டக்டர் இரண்டு கம்பியையும் பிடித்துக்கொண்டு வழி முழுக்க அடைத்து நின்றிருந்தான். கையுறையை வைத்துவிட்டுப் போன கதவு இந்த வேலையில்தான் சேர்ந்திருந்தான். ஆஃப்சைடு கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அன்னைக்குத் தப்பு என்னோடது, தம்பி."

"தெரியும் சார். ஊருக்கே தெரியும்."

கதவு ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்தான். ஆஃப்சைடு காலைத் தூக்கினார். திரும்பிவிடுமோ என்று ஒரு நொடி அந்தரத்திலேயே வைத்திருந்தார். படியில் வைத்தார். கால் அங்கேயே நின்றது.

"உள்ள போங்க சார், வழியில நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, கதவு விசில் அடித்தான்.