ஹெசரு சுனில்

கன்னடத்தில் ஹெசரு என்றால் பெயர். பாசிப்பயறுக்கும் அதே சொல்தான். சந்தாபுராவுக்கும் அத்திபெலேக்கும் நடுவில் எங்கோ இருக்கும் ஒரு நகராட்சி அலுவலகத்தில் மட்டும் அதற்கு மூன்றாவதாக ஓர் அர்த்தம் உண்டு. டெண்டருக்குத் தன் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு, வேலையில் கை வைக்காமல் ஒதுங்கி நிற்கிற ஆளுக்கு அங்கே ஹெசரு என்று பெயர். எந்த நகராட்சி என்று கேட்க வேண்டாம். பெயரைச் சொன்னவனைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்பது இந்தக் கதையிலேயே வரப்போகிறது.

சுனிலுக்கு அந்த மூன்றாவது அர்த்தம் தெரியாது. லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் மாறி பஸ் மாறி, இஸ்திரி போட்ட சட்டை கசங்காமல் போய் இறங்கினான். டெண்டர் பிரிவில் இருந்த ரமா மேடம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவனை அங்கே வரச் சொல்லியிருந்த கான்ட்ராக்டர் கண்ணாவிடம் திரும்பி, "ஹெசரு பந்த்தா?" என்றாள். பெயர் வந்ததா என்று அர்த்தம். வந்தாரா என்று இல்லை, வந்தானா என்றுகூட இல்லை, வந்ததா. கண்ணா சிரித்துக்கொண்டே சுனிலின் தோளில் தட்டினான். சுனிலும் சேர்ந்து சிரித்து வைத்தான். பாசிப்பயறைப் பற்றி ஏதோ ஜோக் என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

அவன் மக்கு இல்லை. சிவில் டிப்ளமோ படித்தவன். வருஷக்கணக்காக அடுத்தவர்களுடைய சைட்டில் வெயிலில் நின்று மேஸ்திரிகளோடு மல்லுக்கட்டியவன். அவன் சமூகத்தாருக்கென்று அரசாங்கம் சில வேலைகளை ஒதுக்கி வைத்திருக்கிறது, அந்த டெண்டரில் வேறு யாரும் நுழைய முடியாது. அதை நம்பித்தான் சுனில் அலையாய் அலைந்து கான்ட்ராக்டர் லைசென்ஸ் வாங்கினான். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, ஏற்கெனவே வேலை செய்து முடித்த சான்று இருந்தால்தான் புது வேலை கொடுப்பார்கள் என்று. வேலையே கொடுக்காமல் சான்றுக்கு எங்கே போவது என்று கேட்டதற்கு, கவுன்ட்டரில் இருந்தவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அப்போது வந்து சேர்ந்தவன்தான் கண்ணா. மகாராஜா காலத்திலேயே அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து பெங்களூரில் வேரூன்றிய தமிழ்க் குடும்பம். அப்பா சீனிவாசராகவன் பெரிய இன்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். மகன் கான்ட்ராக்டர். அவனிடம் பணம், லாரி, ஆள், தைரியம் எல்லாம் இருந்தன. அந்த ஒதுக்கீட்டு டெண்டரில் நுழைய ஒரு பெயர் மட்டும்தான் இல்லை.

"பாரு சுனில், ஸ்கூல் ரோட்டுல ட்ரெய்னேஜுக்கு ஸ்லாப் போடற வேலை. உன் பேர்ல எடுக்கலாம். வேலைய நான் பாத்துக்கறேன், ரெக்கார்டு உனக்கு ஏறும்," என்றான் கண்ணா. "இது முடியட்டும். அடுத்து அதே ஸ்கூலுக்கு காம்பவுண்ட் சுவர் வருது. அது முழுக்க உன் கையில. நான் அந்தப் பக்கம்கூட வரமாட்டேன். ப்ராமிஸ்."

அந்தச் சுவர்தான் சுனிலைப் பிடித்து ஆட்டியது. அஸ்திவாரம் தோண்டுவதிலிருந்து பூச்சு வரைக்கும் தானே நின்று, தன் ஆட்களை வைத்து, தன் பெயரில் ஒரு சுவர். அதற்குப் பிறகு எவனுக்கும் சலாம் போட வேண்டியதில்லை. சரி என்று சொல்லிவிட்டான். இப்போதெல்லாம் டெண்டர் கம்ப்யூட்டரில்தான் போடுகிறார்கள். கையெழுத்துகூட பென்டிரைவ் மாதிரி ஒரு சின்னக் குச்சிக்குள் இருக்கிறது. சுனிலின் கையெழுத்துக் குச்சியை வாங்கிக் கண்ணா தன் கார் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டான். கார் போகிற இடமெல்லாம் சுனிலின் கையெழுத்தும் போயிற்று. சுனில் மட்டும் பஸ்ஸில் போனான்.

டெண்டர் கிடைத்தது. பள்ளிக்கூடச் சாலையில் மஞ்சள் பலகை நட்டார்கள். அதில் கன்னடத்தில் வேலையின் விவரம், கீழே பெரிய எழுத்தில் ஒப்பந்தக்காரர் என். சுனில். அவன் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்து மனைவி சங்கமித்ராவிடம் காட்டினான். அவள் ஒரு கிளினிக்கில் வேலை பார்ப்பவள், எதையும் இரண்டு தடவை பார்க்கிற பழக்கம் உள்ளவள்.

"பேரு நல்லாத்தான் இருக்குது. செருப்புல ஒரு சிமென்ட் துளி காணோமே," என்றாள்.

"அடுத்த வேலைக்குப் பாரு."

"அடுத்தது அடுத்ததுன்னு சொல்லாத. அந்தாளு உன்னை நல்லா ஓட்டிக்கினு இருக்கான்."

சுனிலுக்குச் சுருக்கென்றது. சாப்பிட உட்கார்ந்தான்.

வேலை நடக்கிற இடத்துக்கு வரத் தேவையில்லை என்று கண்ணா சொல்லியிருந்தான். ஆனாலும் சுனில் போவான். பலகையைப் பார்க்கப் போவான் என்பதுதான் உண்மை. அந்தப் பலகைக்கு எதிரில் சாந்தகுமாரி கீரை விற்பாள். அத்திபெலேக்காரி, தமிழ், வாய் ஓயாது. விதவை. அந்தக் கீரைக்கூடையை நம்பித்தான் அவள் பிழைப்பு. அடிக்கடி வந்து நிற்கிறவனை அவள் விடுவாளா?

"யாருப்பா நீ? டெய்லி வந்து போர்டையே பாத்துனு நிக்கிற?"

"என் பேரும்மா அது."

"அட, நீதான் கான்ட்ராக்டரா? சின்னப் புள்ளையா இருக்கிறயே. நல்லா இரு சாமி."

கான்ட்ராக்டர் என்ற அந்த ஒரு வார்த்தை சுனிலுக்குள் இறங்கி இனித்தது. அதுவரை அவனை யாரும் அப்படி வாய் நிறையக் கூப்பிட்டதில்லை. மறுமுறை போனபோது கண்ணா காரை விட்டு இறங்கி, வெள்ளைச் சட்டையில் நின்று, ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தான். சாந்தகுமாரி கேட்டாள்.

"தினமும் வந்து கத்துறாரே அந்த வெள்ளைச் சட்டை, யாருப்பா அவரு?"

சுனில் ஒரு நொடி யோசித்தான். ஒரு நொடிதான்.

"அவரா? நம்பகிட்ட வேலை பாக்குறவரு. சூப்பர்வைசர்."

சொல்லிவிட்டு, கண்ணா காதில் விழுந்திருக்குமோ என்று திரும்பிப் பார்த்தான். விழவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வரை அவனுக்கு மனசு லேசாக இருந்தது.

ஆனால் படித்த படிப்பு கண்ணை மூடவிடுமா? ஸ்லாப் வார்க்கும் இடத்தில் கம்பிகளைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். கம்பியும் சன்னம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற சாலைக்குப் போடுகிற ஸ்லாப். கண்ணாவுக்குப் போன் செய்தான்.

"சார், கம்பி பத்தாது சார். வெயிட் தாங்காது."

"சுனில், உனக்குக் காம்பவுண்ட் சுவர் வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். சுனில் போனை வைத்துவிட்டான். இங்கே அவன் மேல் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பிறகு அவன் பட்டதையெல்லாம் நினைத்தாலும் அந்த ஆத்திரம் முழுசாகப் போகவில்லை.

ஸ்லாப் நல்லதா என்று பார்த்துச் சொல்ல நகராட்சி வெளியாள் ஒருவரை அமர்த்த வேண்டும், அது விதி. முன் அனுபவம், வயது, பட்டம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு அமர்த்தினார்கள். அதிக மதிப்பெண் வாங்கியவர் சீனிவாசராகவன். மகன் பெயர்தான் டெண்டரில் எங்குமே இல்லையே, யார் என்ன சொல்ல முடியும்? பெரியவர் காரில் வந்தார், கண்ணாடியை இறக்கினார், பார்த்தார், ஏற்றினார். "தரம் திருப்தி" என்று அறிக்கை போயிற்று.

வேலை முடிந்த பிறகு ஒரு நாள் சாந்தகுமாரி சாலையோரச் சேற்றையும் புது ஸ்லாப்பையும் காட்டிக் கேட்டாள்.

"கூடையை இந்தக் கல்லு மேல வச்சுக்கினு உக்காரலாமா சாமி? ஒண்ணும் ஆவாதே?"

அந்த நிமிஷத்தில் சுனில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஓரமாகவே உட்காருங்கள் அம்மா என்று மட்டும் சொல்லியிருந்தால்கூடப் போதும்.

"தாராளமா உக்காருங்கம்மா," என்றான் ஒப்பந்தக்காரர் என். சுனில். "நான் போட்டது."

மழைக்காலம் தொடங்கியதும் ஸ்லாப் உடைந்தது. சாந்தகுமாரி உட்கார்ந்திருந்த இடம்தான். கூடையோடு சாக்கடைக்குள் போனாள். மேலே இன்னொரு ஸ்லாப் சரிந்து விழுந்தது. ஆட்கள் சேர்ந்து தூக்குவதற்குள் கால் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சுனில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

கண்ணா போனை எடுக்கவில்லை. சுனில் அவன் வீட்டு வாசலிலேயே போய் நின்றான். பெரியவர் சீனிவாசராகவன்தான் வெளியே வந்தார். உள்ளே வரச் சொல்லி, உட்காரச் சொல்லி, காபி கொடுத்தார். அவ்வளவு மரியாதை.

"கஷ்டமாத்தான் இருக்குப்பா. ஆனா நீ ஏன் இங்க வந்தே? கண்ணாவுக்கும் அந்த வேலைக்கும் என்ன சம்பந்தம்? எதுலயாவது அவன் கையெழுத்து இருக்கா?"

"என் கையெழுத்தே அவர் சாவிக்கொத்துலதான சார் தொங்குது."

"அதைக் குடுத்துடச் சொல்றேன். உன் பொருள் உனக்கு வேணும்தானே," என்றார் பெரியவர். உள்ளேயிருந்து குச்சியை எடுத்துவந்து, ஒரு உறையில் போட்டு, அவன் கையில் கொடுத்தார்.

நகராட்சி சும்மா இருக்கவில்லை. ஸ்லாப் ஏன் உடைந்தது என்று கண்டுபிடிக்க உடனே ஒரு நிபுணரை அமர்த்தியது. முன் அனுபவத்துக்குத்தான் அதிக மதிப்பெண். அந்தச் சாலையைப் பற்றி முன் அனுபவம் உள்ள ஒரே நிபுணர் சீனிவாசராகவன். மறுபடியும் அவரே வந்தார், இந்தத் தடவை காரை விட்டு இறங்கினார். தான் ஆய்வு செய்த பிறகு ஒப்பந்தக்காரர் நல்ல ஸ்லாப்களை மாற்றிவிட்டு மட்டமானவற்றைப் பதித்திருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார். சுனிலின் லைசென்ஸைக் கருப்புப் பட்டியலில் போட்டார்கள். காம்பவுண்ட் சுவருக்கு டெண்டர் வந்தபோது ரமா மேடம் கண்ணாவிடம் வேறொரு ஹெசரு வந்ததா என்று கேட்டிருப்பாள். அங்கே ஹெசரு என்றால் யார் என்று சுனிலுக்கும் அதற்குள் புரிந்துவிட்டது.

பிறகு போலீஸ். சுனில் சப்-இன்ஸ்பெக்டரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். "நான் வேலையே செய்யல சார். அங்க தினமும் நின்னு வேலை வாங்குனது கண்ணா. நம்பலைன்னா அந்தம்மாவையே கேளுங்க. எதிர்ல உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கினு இருந்தவங்க அவங்கதான். அவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான் போலிருக்கிறது. வா போகலாம் என்று கிளம்பிவிட்டார். அந்த எல்லைப் பக்கத்துப் போலீஸ்காரர்களுக்குத் தமிழ் நன்றாகவே வரும், எழுதுகிறபோதுதான் கன்னடம். வழியில் சுனில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் சாந்தகுமாரி அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். இல்லாத காலை ஊன்றப் போய்ச் சரிந்தாள். சுனில் ஓடிப்போய்ப் பிடித்தான்.

"ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கல சார்," என்றாள் போலீஸ்காரரிடம். "இந்தப் புள்ளைதான் ரெண்டாந்தடவையா வந்திருக்குது. தங்கமான புள்ளை. இதுக்கு ஒண்ணும் வராம பாத்துக்கங்க."

"ஸ்லாப் வேலைய யாரும்மா நின்னு செஞ்சது? பாத்தீங்களா?"

"பாக்காம? ஒரு வெள்ளைச் சட்டைக்காரரு கார்ல வருவாரு. டெய்லி வருவாரு. அவருதான் நின்னு போட்டாரு."

சுனிலுக்கு மூச்சு வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

"அவருதான் எல்லாத்தையும் கெடுத்திருப்பாரு சார்," என்றாள் அவள். "முதலாளி இல்லாத நேரத்துல வேலைக்காரன் ஏமாத்தத்தானே செய்வான்? அவரு இந்தப் புள்ளைகிட்ட சம்பளத்துக்கு இருக்கிறவரு. இதுதான் முதலாளி. இதே வாயால என்கிட்ட சொல்லிச்சு. நான்தான் போட்டேன், தாராளமா உக்காருங்கன்னு சொல்லிச்சு. அந்த தைரியத்துலதான் சார் நான் உக்காந்தேன்." பிறகு சுனிலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரியாத்தான சொன்னேன் சாமி?"

சுனிலால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பழப் பையைக் கட்டிலில் வைத்தான்.

"சரியாத்தான்ம்மா சொன்னீங்க," என்றான்.

சப்-இன்ஸ்பெக்டர் பக்கத்தைத் திருப்பினார். தலை நிமிராமல், எழுதத் தயாராக, "ஹெசரு?" என்றார்.

சுனில் திடுக்கிட்டான். இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று நினைத்தான். கடைசியில் ஒருவருக்காவது தெரிந்திருக்கிறதே என்று கண் கலங்கிவிட்டது.

"ஆமா சார்," என்றான். "ஹெசருதான் சார். வேற ஒண்ணுமே இல்ல."

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "அதைத்தான்ப்பா கேக்கறேன். உன் பேரு என்ன? அப்பா பேரையும் சேத்துச் சொல்லு."

சாந்தகுமாரிதான் உதவிக்கு வந்தாள்.

"போர்டுல பெருசா எழுதியிருக்குது சார்," என்றாள். "பாத்து அப்படியே எழுதிக்குங்க."