இருட்டில் பார்க்கிற கண்ணாடி

பேச்சிராஜுக்கு இருட்டிய பிறகு வெளியே சுற்றுகிறவர்களைக் கண்டாலே பிடிக்காது. "ஆறு மணிக்கு மேல ரோட்டுல நாய்தான் திரியும். குடும்பத்து ஆம்பள வீட்டுல கெடப்பான்" என்பான். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. மனைவி சந்தனமாரிக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இருவருக்கும் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். இப்போது சென்னைக்குப் பக்கத்தில் மண்ணூரில், முனியம்மாள் வீட்டு மாடியில் வாடகைக்கு ஓர் அறை. அவன் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்கிறான். அவள் சார்ஜர் கம்பெனியில் டெஸ்டிங். அவளுடைய கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும்போது இருட்டியிருக்கும். அங்கிருந்து காய்கறி, மளிகை எல்லாவற்றையும் அவளே தூக்கி வருவாள். ஒருநாள் அரிசி மூட்டையைத் தோளில் போட்டு வந்தாள். பேச்சிராஜ் கட்டிலில் மல்லாந்து படுத்து, போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். "வந்துட்டியா, மூட்டைய ஓரமா வையி" என்றான்.

செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட் வந்தால் யாரிடமாவது கெஞ்சி மாற்றிக்கொள்வான். மாற்றிக்கொள்கிறவனுக்குக் கையிலிருந்து பணமும் கொடுப்பான். கேட்டால், "நைட் பாத்தா ஒடம்பு கெட்டுரும்" என்பான். சரியான சோம்பேறியிடம் மாட்டிக்கொண்டோம் என்று சந்தனமாரி முடிவுகட்டியிருந்தாள்.

ஒருநாள் சாப்பிடும்போது கரண்ட் போனது. பக்கத்து லாரி ஷெட்டிலிருந்து ஜன்னல் வழியே கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அவளுக்கு அது போதும். அவன் குழம்பில் உப்பில்லை என்று ஆரம்பித்து, அவளுடைய அம்மாவின் வளர்ப்பு வரைக்கும் போய்விட்டான். அவளுக்குப் பொறுக்கவில்லை. நாக்கை நீட்டி அழகு காட்டினாள். அவன் கண்டுகொள்ளவே இல்லை. முகத்தை இன்னும் கோணலாக்கினாள். அவன் அவளுக்குப் பக்கத்திலிருந்த மிக்சியைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தான். பிறகு தண்ணீருக்குக் கையை நீட்டினான். டம்ளரைத் தாண்டித் தரையைத் தடவினான். சந்தனமாரி டம்ளரை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"ஏங்க, ஒங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

"போட்டி லூசு. கரண்ட் இல்லாட்டி ஒனக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

நாலைந்து நாள் கழித்து அவனே போனை நீட்டினான். திரையில் ஒரு கண்ணாடி. கண்ணாடி என்றா சொல்வது? நெற்றியில் பட்டை கட்டி, முன்னால் கறுப்பு டப்பா தொங்கவிட்டது போல இருந்தது.

"இருட்டுல பகல் மாதிரி தெரியுமாம். எனக்கு லேசா மாலக்கண்ணு, பெருசா ஒண்ணுமில்ல. மருந்து கெடையாதுன்னுட்டாவ. இது வாங்கிட்டா நைட் ஷிப்ட் போலாம், ஓவர்டைம் பாக்கலாம். ரெண்டு லட்சத்து எழுவதாயிரம். ஒன் வளையலையும் ஆரத்தையும் வச்சா வந்துரும்."

லேசாக மாலைக்கண். நகையை வைக்க வேண்டியிருந்ததால்தான் அதுவும் வாயில் வந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அன்றைக்கே மாமியாருக்குப் போன் போட்டாள்.

"மொதல்லயே சொன்னா ஒங்க வீட்டுல பொண்ணு தந்துருப்பாவளா?" என்றாள் மாமியார். "அதுவும் ராத்திரி ஒறங்குததுக்குக் கண்ணு எதுக்குட்டி?"

சந்தனமாரி போனை வைத்துவிட்டாள். பார்வை குறைந்ததற்காக ஒரு மனுஷனை வெறுக்க அவளுக்குத் தெரியாது. முதல் நாளே சொல்லியிருந்தால் கையைப் பிடித்து எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போயிருப்பாள். அந்த அரிசி மூட்டையையும் சிரித்துக்கொண்டே சுமந்திருப்பாள். ஆனால் இவன் இருட்டுக்குப் பயந்து அறைக்குள் பதுங்கிக்கொண்டு, வெளியே நடமாடுகிறவர்களையெல்லாம் நாய் என்று சொல்லியிருக்கிறான். அந்த இருட்டில் தினமும் நடந்து வந்தவள் அவள்.

இருந்தாலும் போய்ப் பார்ப்போம் என்றாள். நிஜமாகவே உதவுமென்றால் நகை பெரிதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரகடம் போனார்கள். கம்பெனிகளுக்குக் கேமராவும் அலாரமும் விற்கிற ஸ்ரீதர், இந்தக் கண்ணாடியும் வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் குடோன். ஷட்டரை இறக்கி விளக்கை அணைத்ததும் கும்மிருட்டு. சந்தனமாரிக்கே ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி மாட்டிய பேச்சிராஜின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. மெதுவாக நடந்தான், திரும்பினான், எதன் மேலும் இடிக்கவில்லை.

"ஏட்டி, நீ மூக்கச் சொறியுத!" என்று கத்தினான்.

விளக்கு எரிந்தபோது அவன் முகமெல்லாம் சிரிப்பு. எட்டு மாதத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை. அவளுக்கும் மனசு இளகியது. வளையலைக் கழற்றிக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

"சார், இதப் போட்டுக்கிட்டு ரோட்டுல நடக்கலாமா?"

"நடக்கலாம்மா. பக்கவாட்டுல அவ்வளவா தெரியாது, எதிர்ல லைட் வந்தா கூசும். பழகணும். நாலு மணி நேரம் சார்ஜ் நிக்கும்."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "பஸ்ஸுல எறங்கி வீடு வரைக்கும் இதப் போட்டுக்கிட்டு வருவியளா?"

"ரோட்டுலயா?" பேச்சிராஜ் பதறினான். "நாலு பேரு பாத்து சிரிக்கவா? குருடன்னு பட்டம் கட்டிருவானுவ." பிறகு ஸ்ரீதரிடம் குனிந்து ரகசியம் பேசுவது போலக் கேட்டான். "சார், பாத்தா தெரியாத மாதிரி, கூலிங் கிளாஸ் மாடல்ல வருமா?"

"அதெல்லாம் சினிமாலதான்."

"அப்ப எங்க வச்சுப் போடுவீய?" என்றாள் சந்தனமாரி.

"வீட்டுல போட்டுக்கிடுவேன்."

"வீட்டுல டியூப்லைட் எரியுது."

ஸ்ரீதர் வேறெங்கோ பார்த்துக்கொண்டார். பேச்சிராஜ் கண்ணாடியைக் கழற்றாமலே நின்றான். அந்த டப்பா மூஞ்சியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. யாரும் பார்க்காத இடத்தில் போட்டுக்கொள்ள ஒரு கண்ணாடி, அதற்கு அவளுடைய நகை.

"வேண்டாம் சார். மன்னிச்சிக்கிடுங்க" என்றாள்.

"மாசத் தவணையும் இருக்கு..."

"அதுவும் வேண்டாம் சார்."

ஊருக்குத் திரும்பினார்கள். பஸ் கிடைக்கத் தாமதமாகி, மண்ணூரில் இறங்கியபோது நன்றாக இருட்டிவிட்டது. டீக்கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"கையப் பிடிச்சிக்கிடுங்க."

"ஆளுவ நிக்காவ. போனுல டார்ச்ச அடிச்சுக்கிட்டு முன்னால நட."

டார்ச்சை அடித்துக்கொண்டு நடந்தாள். வெளிச்சத்தைப் பார்த்தே வந்தவன், டீக்கடையைத் தாண்டுமுன் மூடியில்லாத சாக்கடையில் முழங்கால் வரை இறங்கிவிட்டான். டீக்கடையில் சிரிப்பு எழுந்தது.

"இன்னா தலீவா, ஞாயித்துக்கெழம சரக்கு ஓவரா?"

பேச்சிராஜ் சாக்கடைக்குள் நின்றபடியே பல்லைக் காட்டினான். "ஆமாண்ணே. லேசா."

சந்தனமாரி தன் காதை நம்பவில்லை. பீடி சிகரெட்கூடத் தொடாதவன். கண் தெரியாதவன் என்று நாலு பேர் அறிவதைவிட, குடிகாரன் என்று சொல்லிச் சிரித்தால் அவனுக்குப் பரவாயில்லை. பக்கத்தில் நிற்கிற அவள் குடிகாரன் பெண்டாட்டி ஆகிவிட்டாள். அதைப் பற்றி அவனுக்கு ஒன்றுமில்லை.

"குடிக்கலண்ணே" என்றாள் சத்தமாக. "அவுகளுக்கு மாலக்கண்ணு. ராத்திரி தெரியாது."

சிரிப்பு நின்றது. ஒருவர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்து மேலே ஏற்றினார். டீக்கடைக்காரர் ஒரு குடம் தண்ணீரைக் காலில் ஊற்றினார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாப்பா? தெனம் நாங்க இங்கதானே நின்னுகினு கீறோம். ஒரு குரல் குட்த்தா வூட்டாண்ட வுட்டுட்டுப் போறோம்."

பேச்சிராஜ் தலையைத் தூக்கவில்லை. அறைக்கு வந்ததும், "என் மானத்த வாங்கிட்ட" என்றான். அவள் அவனுடைய பேண்ட்டை வாளியில் ஊறப்போட்டாள்.

டீக்கடையில் இருந்த ஒருவர் அதே கம்பெனி. விஷயம் மறுநாளே சூப்பர்வைசர் திருமலைக்குப் போய்விட்டது. வேலை போய்விடும் என்று பேச்சிராஜ் மதியம் அழாத குறையாகப் போனில் சொன்னான். திருமலையோ, டாக்டர் சர்டிபிகேட் ஒன்று கொண்டுவரச் சொல்லி, இனிமேல் முதல் ஷிப்ட் மட்டும் என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அதற்காகத்தான் அத்தனை பொய்யும், அத்தனை வீறாப்பும்.

 

அடுத்த மாதம் மாடிப்படியில் முனியம்மாள் அவளை நிறுத்தினாள். "உன் வூட்டுக்காரரு தங்கமானவரு பொண்ணு. ரெண்டு லட்ச ரூபா கண்ணாடிய, பொண்டாட்டி நகைமேல கை வைக்கக் கூடாதுன்னு வேணாம்னுட்டாராமே. நேத்து எங்க வூட்டுக்காரராண்ட சொல்லிகினு இருந்தாரு."

சந்தனமாரி கையிலிருந்த பையைப் படியில் இறக்கி வைத்தாள்.

"அவுக வேண்டாங்கலக்கா. நாந்தான் வேண்டாம்னேன்."

முனியம்மாள் ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏதோ ஒண்ணு. நகை தப்பிச்சுதுல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.