பின்னறைக்குப் போன சூடு

நோரீன் முட்டி போட்டுக் குனிந்து, சுவரடியோரம் ஓடும் ஹீட்டரின் தகர மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பேருக்குக்கூட வெதுவெதுப்பு இல்லை. கட்டிலில் அவள் கணவர் எம்மெட் மூன்று போர்வைகளுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தார். இன்றைக்கோ நாளைக்கோ என்று காலையில்தான் நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சாகிற மனுஷன் குளிரில் சாகக் கூடாது என்பது மட்டும்தான் நோரீனுக்கு அன்று இருந்த பிடிவாதம்.

வூஸ்டர் ஊரில் பனி கொட்டும் ஜனவரி. எம்மெட்டின் அக்கா பெக் வந்ததிலிருந்து கோட்டைக் கழற்றவில்லை. வந்ததும் அவள் செய்த முதல் காரியம், ஜன்னல் கொக்கியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டி, அது திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டதுதான். மூச்சு நின்றதும் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும், போகிறவர் போக வழி வேண்டும். டியர்னி குடும்பத்தில் அது பெக்கின் வேலை. அம்மாவுக்கும் இரண்டு தம்பிகளுக்கும் அவள்தான் திறந்தாள்.

"கோட்டையாவது கழட்டேன் பெக்."

"இந்த ரூம்லயா? நான் என்ன பனிக்கரடியா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. கூடத்தில் இதமாக இருந்தது. சமையலறையில் வியர்த்தது. பின்னறையில், நோரீன் படுக்கும் அறையில், போர்வையே வேண்டாம். எம்மெட்டின் முன்னறை மட்டும் ஐஸ்பெட்டி. கேட்டால், என் உடம்பே ஒரு அடுப்பு, இப்படி இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்பார். அவளும் நம்பினாள்.

அவள் பின்னறைக்குப் போனது ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு வாரத்துக்கு. எம்மெட்டுக்கு அப்போது கடும் இருமல். முதல் இரண்டு நாள் அந்த அறையில் பல் கிட்டித்தது. என்ன மாயமோ, மூன்றாம் நாளிலிருந்து நல்ல சூடு. இருமல் போயிற்று. அவர் வாயால் 'வா' என்று ஒரு வார்த்தை வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவளுக்கும் ரோஷம் இருந்தது, கேட்கவில்லை. ஒரு வாரம் அப்படியே ஒன்பது வருஷமாக நீண்டுவிட்டது.

ஆனால் தினமும் காலையில் ஓட்ஸ் கஞ்சிக்கு முன்னால் அவர் கேட்பார், "அங்க கதகதப்பா இருக்கா?" "இருக்கு," என்பாள். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பேப்பரைப் பிரிப்பார். அங்கேயே இரு என்கிறார் என்று அவள் அர்த்தம் பண்ணிக்கொண்டாள்.

பாய்லர்காரர் காஸ்மோ பதினோரு மணிக்கு வந்தார். கீழே நிலவறைக்குப் போய், வெந்நீரைக் குழாயில் தள்ளும் பம்ப்பைப் பார்த்தார், ஓடுகிறது. அழுத்தமும் சரி. குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று அறைக்கு வந்து காற்றை வெளியேற்றும் திருகாணியைத் திறந்தார். ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீர்தான் வந்தது. கடைசியில் குழாய் அறைக்குள் நுழையும் இடத்தைத் தொட்டார், வெளியேறும் இடத்தைத் தொட்டார். இரண்டு இடத்திலும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"உள்ள வர்றப்பவும் கொதிக்குது, வெளிய போறப்பவும் கொதிக்குது, மிசஸ் டியர்னி. சூடு இந்த ரூம்ல இறங்கவே இல்ல. உள்ள எதோ மூடிக்கிட்டு இருக்கு."

அலமாரியை நகர்த்தி, தகர மூடியைத் தட்டிக் கழற்றினார். உள்ளே குழாயைச் சுற்றி, சூட்டை அறைக்குள் பரப்பும் மெல்லிய தகடுகள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை சமையலறை அலுமினியத் தாள், அடுக்கடுக்காகச் சுற்றி, ஓரங்களை மடித்து, கம்பியால் கட்டியிருந்தது. கிறிஸ்துமஸ் பொட்டலங்களை எம்மெட் அப்படித்தான் மடிப்பார்.

காஸ்மோ குந்தியபடியே விளக்கினார். வீடு முழுக்கச் சுற்றுவது ஒரே குழாய். பாய்லரை விட்டுக் கிளம்பினால் முதல் அறை இது. இந்த அறை எடுத்துக்கொள்கிற சூடு கடைசி அறைக்கு மிஞ்சாது. யாரோ தெரிந்துதான் செய்திருக்கிறார்கள் என்றார். "கடைசி ரூம்ல யாரு இருக்காங்க?"

நோரீன் பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பெக் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோரீன் பின்னறைக்குப் போன அதே வாரம், வான்கோழி விருந்து முடிந்த ஒரு சாயங்காலம் இந்தத் தாளின் புதுச் சுருள் ஒன்று காணாமல் போய், மிச்சக் கறியைக் கட்டிக்கொண்டு போன பெக் அதையும் சேர்த்து எடுத்துவிட்டாள் என்று நோரீன் ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்.

"ஒன்பது வருஷம்," என்றாள் பெக். "நான் எடுக்கலைன்னு தலையில அடிச்சுச் சொன்னேன்."

நோரீன் கம்பியை அறுத்துத் தாளைத் தானே உரித்தாள். முதலில் கோபம்தான் வந்தது. இந்த ஆளுக்கு வாயில்லையா? அப்புறம் அந்த ஒன்பது வருஷமும் வேண்டும் போல் ஏக்கமாக இருந்தது, குளிரோடு, இருமலோடு, அவர் பக்கத்தில். ஏதாவது ஒரு காலையில் 'இல்லை, குளிருது' என்று சொல்லியிருந்தால் கூப்பிட்டிருப்பாரா? மாட்டார். கூடத்து ஹீட்டரையும் சுற்றி வைத்திருப்பார்.

காஸ்மோ மூடியை மாட்டிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி கிளம்பினார். சிறிது நேரத்தில் தகரம் சூடேறி டிக் டிக் என்று ஒலிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு எம்மெட் கண் திறந்தார்.

"மூடு அத," என்றார், யாரோ வேலைக்காரனிடம் சொல்வது போல. "பின்னால சூடு போகாது."

"பின்னால யாரும் இல்ல, எம்மெட். நான் இங்க இருக்கேன்."

அவர் அவளைத் தேடிக் கண்டுபிடித்தார். உதடு அசைய நேரமாயிற்று.

"கதகதப்பா இருக்கா?"

"இல்ல," என்றாள் நோரீன். "குளிருது. கொஞ்சம் தள்ளிப் படு."

அவரால் நகர முடியாது என்று அவளுக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் குறுகலான கட்டிலின் விளிம்பில் ஒருக்களித்து ஏறி, போர்வைக்குள் புகுந்துகொண்டாள். பெக் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். அப்படியே மத்தியானம் போயிற்று. அறை மெல்ல மெல்லச் சூடானது. அவர் நடுக்கம் நின்றது. வெளிச்சம் மங்குகிற நேரத்தில், மூன்றரை மணி வாக்கில், மூச்சும் நின்றது.

மூச்சு நின்றது நோரீனுக்கு உடனே தெரிந்தது. அவள் நகரவில்லை.

மூச்சுச் சத்தம் அடங்கியதைக் கேட்டு பெக் எழுந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். ஜன்னலுக்குப் போய்க் கொக்கியில் கை வைத்தாள்.

"கொஞ்சம் இரு, பெக்," என்றாள் நோரீன் போர்வைக்குள்ளிருந்து. "இப்பதான் ரூம் சூடாகியிருக்கு."

பெக் கொக்கியைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றாள். பிறகு கையை எடுத்தாள். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கழற்றி, நாற்காலி முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.