ஸ்பீக்கர் பக்கத்து நாற்காலி

கோமதிநாயகம் சனிக்கிழமை மட்டும் மதியம் மூன்று மணிக்கே தறிகளை நிறுத்திவிடுவார். ஆறு விசைத்தறிகளும் ஓய்ந்ததும் வீட்டுக்குப் போய்க் குளித்து, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, மனைவி ஆவுடையம்மாளை வண்டியில் ஏற்றி எபினேசரின் பேக்கரி மாடிக்கு வந்து சேர்வார். அங்கே சனிக்கிழமைதோறும் ஆறு மணிக்குக் கச்சேரி.

ஒன்றரை வருடத்துக்கு முன் எபினேசர் இதைத் தொடங்கியபோது சங்கரன்கோவிலில் யாரும் நம்பவில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கச்சேரி வைத்தால் ஊரே கூடும், வாராவாரம் யார் வந்து உட்காருவார்கள் என்றார்கள். ஆனால் கூட்டம் வந்தது. பக்கத்து ஊரான திருவேங்கடத்திலிருந்துகூட பைக்கில் வந்தார்கள். டீயும் பப்ஸும் வாங்கிக்கொண்டு மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கீபோர்டுக்கு ஜெயசிங், டிரம்முக்கு இசக்கித்துரை, பாட்டுக்கு ஆபிதா பானு. பகலில் செல்போன் கடையில் சிம் கார்டு விற்கிற பெண்ணா இப்படிப் பாடுகிறாள் என்று முதல் வாரமே ஊர் பேசியது.

கோமதிநாயகத்தின் இடம் ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டிய நாற்காலி. முப்பது வருடமாகத் தறிச் சத்தத்துக்குள் நின்றதில் அவருக்குக் காது பாதிக்கு மேல் மந்தமாகியிருந்தது. அதை அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. ஏன் அங்கேயே உட்காருகிறீர்கள் என்று கேட்டால், "இங்கனதான் காத்து நல்லா வருது" என்பார். பெட்டியின் அதிர்வு நெஞ்சில் வந்து முட்டும்போது அவர் முகம் மலர்ந்துவிடும். பாட்டு முடிந்ததும் முதல் கைதட்டல் அவருடையது.

கார்த்திகை மாதம் பேக்கரிக்கு அடுத்த வீட்டில் குழந்தை பிறந்தது. பச்சைப் பிள்ளை தூங்க வேண்டாமா என்று எபினேசர் தானாகவே சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார். மற்றவர்களுக்கு அது இன்னும் இதமாக இருந்தது. கோமதிநாயகத்துக்கு டிரம் மட்டும் எங்கோ தூரத்தில் இடிப்பது போலக் கேட்டது. விளக்கு வெளிச்சத்தில் ஆபிதாவின் வாயை மைக் மறைத்தது. அவள் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே நிறுத்தியபோது, பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பலமாகக் கைதட்டினார். மாடியே திரும்பிப் பார்த்தது. ஆபிதா சிரித்துக்கொண்டே பாட்டைத் தொடர்ந்தாள். அவர் தலைவலி என்று சொல்லிவிட்டு ஆவுடையம்மாளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் தறிகள் இருட்டும் வரை ஓடின. ஏன் என்று ஆவுடையம்மாள் கேட்டதற்கு, சரக்கு அவசரம் என்றார்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, கடைக்கு மதிய இடைவேளை விட்ட நேரத்தில் ஆபிதா தறிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். ஆறு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் கத்திப் பார்த்தாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. கோமதிநாயகம் கையமர்த்தி, சும்மா பேசு என்று சாடை காட்டினார். தறிக்காரர்களுக்கு உதட்டைப் பார்த்தே பேச்சு விளங்கிவிடும்.

"ரெண்டு வாரமா உங்களக் காணலியே அண்ணாச்சி. நான் ஏதும் தப்பாப் பாடிட்டேனா?"

"பாட்டு கேக்கலம்மா" என்றார் அவர்.

அவளுக்கு விளங்கவில்லை. காதருகே கை வைத்து என்ன என்றாள். அவர் மறுபடி சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. கோமதிநாயகம் சுவரோரம் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தறி ஓட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குக் காது சரியா கேக்கலம்மா. சவுண்டக் குறைச்சதுலேருந்து நீ பாடுதது ஒண்ணுமே கேக்கல" என்றார். அந்த அமைதியில் அவர் குரல் தேவைக்கு மேல் பெரிதாக ஒலித்தது.

மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் எழுந்து வந்தாள். "இதத்தான நான் நாலு வருஷமாச் சொல்லுதேன்."

"எங்க வாப்பாவுக்கும் காது கேக்காது அண்ணாச்சி, மெஷின்தான் வச்சிருக்காவ" என்றாள் ஆபிதா. "முன்னால எல்லாம் நான் போன்ல என்ன பேசினாலும் தெரியாது. இப்பம் அடுத்த ரூம்ல முணுமுணுத்தாக்கூட கண்டுபிடிச்சிருதாவ. அது ஒண்ணுதான் கஷ்டம்."

தறிக்காரர்கள் சிரித்தார்கள். கோமதிநாயகமும் சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை கணவனும் மனைவியும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார்கள். டாக்டர் காதுக்கு மெஷின் கொடுத்தார். தறி ஓடும்போது அதைக் கழற்றிவிட்டுப் பஞ்சடைப்பான் வைக்கச் சொன்னார். முதல் நாலு நாள் படாத பாடு பட்டார். குக்கர் விசில் ஊசியாய்க் குத்தியது. நாற்காலியை இழுத்தால் பல் கூசியது.

சனிக்கிழமை வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் பாட்டிலேயே தாங்க முடியாமல் ஆவுடையம்மாளோடு இரண்டு வரிசை பின்னால் போனார். அங்கே உட்கார்ந்த பிறகு எல்லாம் விளங்கத் தொடங்கியது. இசக்கித்துரை செருப்பால் தரையில் தாளம் தட்டினான். உச்சத்துக்குப் போகுமுன் ஆபிதா சின்னதாக மூச்சு இழுத்துக்கொண்டாள். அடுத்த வீட்டுக் குழந்தை ஒருமுறை சிணுங்கி அடங்கியது.

மூன்றாவது பாட்டில் பெட்டியிலிருந்து வராத குரல் ஒன்று கேட்டது. இடப்பக்கமிருந்து வந்தது. ஆவுடையம்மாள் மேடையைப் பார்த்தபடி, உதடு அசைவதே தெரியாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தாள். சுருதி பிசகவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவாளோ என்று கோமதிநாயகம் கழுத்தைக்கூட அசைக்கவில்லை. மிச்சப் பாட்டு முழுவதையும் அந்தப் பக்கத்துக் காதாலேயே கேட்டார்.

கச்சேரி முடிந்து படி இறங்கும்போது கேட்டார்: "ஏட்டி, நீ பாடுவியா?"

"இப்பந்தான் கேட்டுதாக்கும்?"

"எத்தன நாளாப் பாடுத?"

"நூல் சுத்தும்போதெல்லாம் பாடிக்கிட்டுத்தான் சுத்துதேன். சுவத்தப் பாத்து உக்காந்திருக்கேன், தறிச் சத்தம் வேற. யாருக்குக் கேக்கப்போவுதுன்னு தைரியமாப் பாடுவேன்."

வண்டியில் ஏறியதும், "அந்த மூணாவது பாட்டப் பாடு" என்றார்.

"ரோட்டுலயா?" என்று அவர் முதுகில் லேசாகத் தட்டினாள். பஸ் ஸ்டாண்டு நெரிசல் தாண்டிய பிறகு மெல்ல ஆரம்பித்தாள். மெஷினுக்குள் காற்று இரைந்தது. கோமதிநாயகம் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். அப்போதும் சொற்கள் கலைந்தன. பூட்டியிருந்த ஒரு உரக்கடை முன் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார்.

"என்னங்க, பெட்ரோல் இல்லையா?"

"இருக்கு. நீ முதல்லேருந்து பாடு."

அவள் ரோட்டின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, வண்டியை விட்டு இறங்காமலே முதல் வரியிலிருந்து பாடினாள்.