மஞ்சள் தண்ணீர்

பாப்பிரெட்டிப்பட்டியில் புளி மண்டி வைத்திருக்கும் மாதேஸ்வரன் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியவரில்லை. காய்ச்சலில் படுத்து எழுந்தபின் டாக்டர் எழுதிக்கொடுத்த சத்து மாத்திரையிலும் அதே குணம்தான். தினம் ஒன்று போதும் என்றார் டாக்டர். ஒன்றுக்கே இவ்வளவு தெம்பு என்றால், காலையில் ஒன்று மாலையில் ஒன்று போட்டால் லாபம்தானே என்று இவராகவே முடிவுகட்டினார்.

வியாழக்கிழமை காலை கொல்லைப்பக்கம் போனவர் முகம் செத்துத் திரும்பினார். சிறுநீர் மஞ்சள் கரைத்த தண்ணீராகப் பளிச்சென்று இருந்தது. அவருடைய அண்ணனைக் கொண்டுபோனது காமாலைதான். அண்ணனுக்கும் முதலில் இப்படித்தான் ஆரம்பித்தது.

மண்டியில் எடை போடும் முருகேஷின் காதில் மட்டும் விஷயத்தைப் போட்டார்.

"காமாலையேதாண்ணா! உப்பு, புளி, எண்ணெய் மூணும் ஆகாது."

"புளி மண்டிக்காரனுக்குப் புளி ஆகாதாடா?"

"விக்கலாம்ணா. திங்கக் கூடாது."

மதியம் மனைவி செல்லி உப்பில்லாத கஞ்சி வைத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினார்.

"பெங்களூர்ல இருக்கற பெரியவன வரச் சொல்லு செல்லி. மண்டிச் சாவிய அவங்கிட்ட குடுத்துடறேன்."

"அது கெடக்கட்டும். மொதல்ல வண்டிச் சாவிய எடுங்க. டாக்டரம்மாவப் பாத்துட்டு வந்துடலாம்."

டாக்டர் ஜாஸ்மின் இமையை இழுத்துப் பார்த்தார். "கண்ணு வெள்ளையாத்தான இருக்கு? பசி எடுக்குதுங்களா?"

"உப்பில்லாத கஞ்சியப் பாத்தா யாருக்குங்க பசிக்கும்?"

எதற்கும் இருக்கட்டும் என்று ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். முனியப்பனுக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டார். நேரம் ஆக ஆக யோசித்து, அதைச் சேவலாகக் குறைத்தார். நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டதும் மறுபடியும் கிடாவுக்கே ஏற்றினார்.

"காமாலை இல்லைங்க," என்றார் டாக்டர். "நான் எழுதின மாத்திரைய எப்படிப் போடறீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதாங்க," என்றார் மாதேஸ்வரன். செல்லி விடவில்லை.

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுங்க. நான் சொன்னா எங்க கேக்கறாரு?"

டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்த மாத்திரையோட சத்தே மஞ்சள் நிறந்தாங்க. ஒடம்பு தனக்கு வேணுங்கறத எடுத்துக்கிட்டு, மிச்சத்த வெளிய தள்ளிடும். ஒண்ணு போட்டாலே இப்படித்தான் போகும். அளவுக்கு மேல போட்டு என்ன லாபம்? இப்ப ஒடம்பு தேறிடுச்சு, மாத்திரைய நிறுத்திடுங்க. நல்லாச் சாப்பிடுங்க, போதும்."

"புளி?"

"தாராளமா."

அன்று இராத்திரி செல்லி கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தாள். அவர் சோறு மிதக்கும் அளவுக்குக் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டார்.

"அளவா ஊத்துங்க. ஒடம்பு வேணுங்கறதத்தான் எடுத்துக்குமாம்."

"இது என் சரக்குடி. ஒண்ணையும் திருப்பி அனுப்பாது."

கை கழுவிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். இன்னமும் மஞ்சளாகத்தான் இருந்தது. சீழ்க்கை அடித்தபடியே திரும்பி வந்தார்.